உறுதி இல்லாத காணி

வள்ளி காத்த தினைப்புனம் எவருடைய காணி என்று நம்மில் எவரும் கேட்டதில்லை. நம்பிராசன் வேடர் தலைவன். மலைச்சாரலிற் காட்டை வெட்டிச் சுட்டுத் தினை விதைத்தான். கதிர் முற்றும் பருவத்தில் மகளைப் பரண்மீதேற்றிக் கிளியோட்ட வைத்தான். அந்தப் புனம் அவனுடைய குலத்துக்கு உரியது என்பதிற் கதை சொல்வோருக்கும் ஐயமில்லை, கேட்போருக்கும் ஐயமில்லை. கதிர்காமத்தைச் சூழ்ந்த காட்டையே வள்ளியின் பிறந்தகமாகக் கொள்ளும் வழக்கும் நம் நாட்டில் உண்டு.

ஆயின், நம்பிராசன் 1840ஆம் ஆண்டுக்குப் பின் கண்டிச் சீமையில் வாழ்ந்திருப்பானேயானால், அப்புனத்தில் நின்றுகொண்டு, ‘இஃது என் நிலம்’ என்று சொல்லியிருக்க முடியாது. அரசன் அளித்த சாசனம் உண்டா, வரி செலுத்தியதற்குச் சான்று உண்டா என்று கச்சேரியில் அவனைக் கேட்டிருப்பார்கள். இரண்டும் இல்லையெனின், புனம் முடிக்குரியது; அவனோ அத்துமீறிப் புகுந்தவன்.

இது வெறுங் கற்பனையன்று. இலங்கையின் ஆதிக்குடிகளாகிய வேடருக்கு நேர்ந்த கதையின் சுருக்கம் இதுவே. வாளாலும் துப்பாக்கியாலும் அழிந்த குடிகளின் வரலாற்றை நாம் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் தேடிப் படிக்கிறோம். கடதாசியினாலும் ஒரு குடியை அதன் நிலத்திலிருந்து பெயர்க்க முடியும் என்பதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை.

காட்டுக்குள் எல்லை

1660ஆம் ஆண்டில் மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவிற் கரையிறங்கிய ஆங்கிலேய மாலுமிகள் சிலரைக் கண்டி மன்னனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். அவர்களுள் ஒருவன் றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞன். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கழித்துத் தப்பிச் சென்ற அவன், 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட நூல் மேனாட்டார் இந்நாட்டைப் பற்றி எழுதியவற்றுட் புகழ்பெற்றது. அதில் வேடரைப் பற்றியும் சில பக்கங்கள் உண்டு.

வேடர் தமக்கு வேண்டிய அம்புகளைப் பெறும் முறையை நொக்ஸ் வியப்போடு எழுதுகிறான். இரவில் வந்து, கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, அம்பு எவ்வடிவில் அமைய வேண்டுமோ அவ்வடிவில் ஓர் இலையை வெட்டி அதனருகே வைத்துச் செல்வார்களாம். முகம் பாராமலே கொடுக்கலும் வாங்கலும் நடந்தன. நமது பாடநூல்கள் இந்தச் செய்தியை விரும்பி எடுத்தாள்வதுண்டு. அவை பெரும்பாலும் விட்டுவிடும் செய்தியோ, அதனினும் முக்கியமானது.

காட்டுக்குள் வேடர் தமக்குள் எல்லை வகுத்துள்ளனர் என்றும், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரின் எல்லைக்குள் வேட்டையாடவோ தேனெடுக்கவோ கனி பறிக்கவோ கூடாதென்றும் நொக்ஸ் தெளிவாக எழுதுகிறான். எல்லையருகே நின்ற ஒரு பலாமரத்தின் காயை ஒருவன் பறிக்க, அயற் கூட்டத்தான் ஒருவன் அது தங்களுக்குரியது என்று தடுக்க, சொல் முற்றி அம்பு பாய்ந்து, ஈற்றில் இருபது முப்பது பேர் அவ்விடத்திலேயே மாண்டனர் என்னும் நிகழ்ச்சியையும் அவன் குறித்திருக்கிறான்.

ஒரு பலாமரத்துக்காக இத்தனை உயிர்கள் மடிந்தமை வருந்தத்தக்கதே. ஆனால், அந்தச் சண்டை ஒன்றைச் சந்தேகத்துக்கிடமின்றி நிறுவுகிறது. அந்தக் காடு உரிமையாளர் இல்லாத காடு அன்று. ஒவ்வொரு மரமும் எவருக்கு உரியது என்பதை அங்கு வாழ்ந்தோர் அறிந்திருந்தனர். அதை எழுதி அச்சிற் பதித்தவனும் ஓர் ஆங்கிலேயனே.

கல்லும் பல்லும்

நொக்ஸ் எழுதி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், செலிக்மன் என்னும் மானிடவியல் அறிஞரும் அவர்தம் மனைவியாரும் வேடரிடையே தங்கி ஆராய்ந்து, 1911ஆம் ஆண்டில் ‘வேடர்’ என்னும் பெயரிலேயே ஒரு பெருநூலை வெளியிட்டனர். வேடர் குலங்களை அவர்கள் ‘வறிகை’ என்று அழைப்பதையும், மொறனை, உனபானை, நாமதேவ, அம்பல, ஊரு முதலிய வறிகைகள் வழங்கிவருவதையும் அந்நூல் விவரிக்கிறது. நிலவுரிமை பற்றி அது தரும் செய்திகள் இன்று படிப்போரையும் திகைக்கச் செய்வன.

உடன்பிறந்தானின் நிலத்திற்கூட அவன் இசைவின்றி வேடன் வேட்டையாடுவதில்லை. அம்பு தைத்த விலங்கு அயலான் எல்லைக்குள் ஓடி விழுந்தால், இறைச்சியில் ஒரு பங்கு நிலத்துக்குரியவனைச் சேரும். சிற்சில இடங்களில் எல்லையோரத்து மரங்களின் பட்டையில் வில்லை வளைத்து நிற்கும் மனிதனின் உருவை வெட்டி அடையாளமிட்டனர். நிலத்தைப் பிள்ளைக்கோ மருமகனுக்கோ அன்றி வேறெவருக்கும் கொடுப்பது அரிது. அவ்வாறு கொடுப்பதற்கும் குடும்பத்தில் வயது வந்த ஆண்கள் அனைவரின் சம்மதமும் வேண்டும். கொடுக்கும்போது, கொடுப்பவன் ஒன்றிரண்டு கற்களையும் தன் பல்லொன்றையும் பெறுபவனிடம் அடையாளமாக ஒப்படைப்பான்.

காணி வாங்குவோர் நொத்தாரிசிடம் சென்று எழுதுவிக்கும் பத்திரத்தை நாம் ‘உறுதி’ என்கிறோம். அழகிய சொல். வேடனுக்கும் உறுதி இருந்தது. நம்முடைய உறுதி முத்திரை குத்திய தாள். அவனுடைய உறுதி நிலத்திலிருந்து எடுத்த கல்லும் உடலிலிருந்து எடுத்த பல்லுமாம். இரண்டனுள் எது உறுதியானது என்று நீதியறிந்தோர் முடிவு செய்யட்டும். ஆனால் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது ஒன்றைத்தான்.

ஒரு சட்டத்தின் பிறப்பு

1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. மலைநாட்டின் மண்ணிற் கோப்பி செழித்து வளரும் என்பது தெரிந்ததும், 1830களின் பிற்பகுதியிற் காணிக்குப் பெருந் தேவை எழுந்தது. ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் விலைக்கு முடிக்காணி விற்கப்பட்டது. விற்பதற்கு முதலில் அது முடிக்குரியதாக வேண்டுமன்றோ? அத்தேவையை நிறைவேற்ற வந்ததே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்காணி அத்துமீறற் கட்டளைச் சட்டம். ஸ்ருவாட் மக்கென்சி தேசாதிபதியாக இருந்த காலம் அது.

காடாகவும் தரிசாகவும் குடியிருப்பற்றும் பயிரிடப்படாமலும் கிடக்கும் காணிகள் யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியன என்றே கொள்ளப்படும் என்பது அச்சட்டத்தின் சாரம். விட்டுவிட்டுப் பயிரிடப்படும் சேனைக் காணிகளுக்கும் கண்டி மாகாணங்களில் அரச சாசனமோ வரி செலுத்திய சான்றோ வேண்டும் என்றாயிற்று. நிரூபிக்கும் பொறுப்பு எவர் தலையில் வைக்கப்பட்டது என்பதை வாசகர் ஊன்றி நோக்கல் வேண்டும். நிலம் தன்னுடையது என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. அதில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவனே நிரூபிக்க வேண்டும். அதுவும் அவன் வாசிக்க அறியாத எழுத்தினால்.

1897ஆம் ஆண்டில் வந்த தரிசு நிலக் கட்டளைச் சட்டம் இதனை மேலும் இறுக்கிற்று. ஒரு காணியைப் பற்றி அரசு அறிவித்தல் வெளியிட்டு, மூன்று மாதத்துக்குள் எவரும் உரிமை கோரி வாராவிடின், அதனை முடிக்குரியதாகத் தீர்க்கலாம். அரசாங்க வர்த்தமானி விந்தனைக் காட்டின் குகைகளுக்குச் செல்வதில்லை. மூன்று மாதம் வாய் திறவாதிருந்தமையால் உரிமையிழந்தான் என்று ஒருவனைச் சொல்வது, செவிடனை அழைத்துவிட்டு அவன் மறுமொழி தரவில்லை என்று தண்டிப்பதை ஒக்கும்.

இதனைக் கூறுமிடத்து ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இச்சட்டங்கள் வேடரைக் குறிவைத்து இயற்றப்பட்டனவல்ல. கோப்பி மலையில் விளைந்தது. வேடரோ பெரும்பாலும் கிழக்கேயுள்ள வறண்ட தாழ்நிலக் காட்டில் வாழ்ந்தனர். அக்காட்டை அன்று எவரும் விலைக்குக் கேட்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசாங்கமும் மட்டக்களப்பிலிருந்த மெதடிஸ்த மிசனரிமாரும் வேடர் சிலருக்குக் குடிசையும் விதையும் கொடுத்துக் குடியமர்த்த முயன்றனர். பலர் மீண்டும் காட்டுக்கே சென்றனர். அதற்கப்பால் அவர்களை எவரும் பெரிதும் தொந்தரவு செய்யவில்லை. சட்டம் பெட்டியில் உறங்கிற்று. ஆனால், உறங்கும் சட்டம் இறந்த சட்டமன்று.

எசமானர் மாறினர்

1907ஆம் ஆண்டிற் காடுகள் பற்றிய கட்டளைச் சட்டமும், 1937ஆம் ஆண்டில் விலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாப்பதற்கான கட்டளைச் சட்டமும் வந்தன. நோக்கங்கள் நல்லனவே. மரங்களை வகைதொகையின்றி வெட்டியவரும் யானைகளை விளையாட்டாகச் சுட்டு வீழ்த்தியவரும் வேடர் அல்லர். ஆயினும் ஏனையோர் செய்த அழிவுக்கு எழுந்த வேலி வேடனையும் வெளியே நிறுத்திற்று.

1948ஆம் ஆண்டில் நாடு சுதந்திரம் பெற்றது. ஆட்சியாளர் மாறினர், முடிக்காணி அரச காணியாயிற்று, உரிமைப் பெட்டியின் திறப்பு மட்டும் கைமாறியது. 1949ஆம் ஆண்டிற் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் ஆறு அணையால் மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. பள்ளத்தாக்கின் காடு நீரில் மூழ்கியது. எஞ்சிய காட்டில் ஒரு பகுதி 1954ஆம் ஆண்டிற் கல்லோயா தேசிய வனமாயிற்று. அப்பிரதேசத்து வேடர் பலர் குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தனர்.

பின்னர், 1977ஆம் ஆண்டை அடுத்து, மகாவலித் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளிற் செய்யக் கருதியதை ஆறே ஆண்டுகளிற் செய்து முடிக்க அரசு முனைந்தது. மதுறு ஓயாவின் நீர்தாங்கு காடுகளைக் காக்கவும், திட்டத்தினால் வாழிடமிழந்த யானை முதலிய விலங்குகளுக்குப் புகலிடம் அளிக்கவும் 1983ஆம் ஆண்டு நவம்பர் 9ஆந் திகதி மதுறு ஓயா தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்டது. வேடரின் வேட்டைக் காடுகள் பலவும் அதன் எல்லைக்குள் அகப்பட்டன. விலங்குகளுக்குப் புகலிடம் கிடைத்தது. அவ்விலங்குகளோடு வாழ்ந்த மனிதரோ ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். மகாவலிக் குடியேற்றவாசிகள் அனைவருக்கும் போலவே இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக் காணியும் அவர்களுக்குமாயிற்று.

இரண்டரை ஏக்கர் நீர்ப்பாசன வயல் சிறிய கொடையன்று என்று கமக்காரர் சொல்வர். உண்மை. அந்த வயல்கள் பல்லாயிரம் ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு கொடுத்தன. அதனை மறுப்பது நன்றியன்று. ஆயின் அது கமக்காரனுக்குக் கொடை. வேடனுக்கோ அது பண்டமாற்று. அதுவும் அவன் சம்மதம் கேளாத பண்டமாற்று. காட்டின் எல்லைகளையும் தேன்மரங்களையும் மூதாதையரின் ஆவிகள் உலவும் பாறைகளையும் கொடுத்து, வாய்க்கால் நீரையும் உரக் கடனையும் அவன் பெற்றான். தந்தை தேனெடுத்த மரத்தில் மகன் தேனெடுத்தால் அது குற்றமாயிற்று. கல்லும் பல்லும் இந்தக் கைமாற்றத்திற் கொடுக்கப்படவில்லை. குடும்பத்து ஆண்கள் அனைவரின் சம்மதம் என்னும் பழைய வேடர் விதியோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்போமாக.

தம்பானையில் வாழ்ந்த முதுபெருந் தலைவர் திஸாஹாமி இடம்பெயர மறுத்தார். ஒரு சில குடும்பங்களோடு தம் ஊரிலேயே இருந்து, 1998ஆம் ஆண்டிற் காலமானார். அவர் மறுத்தமைக்கு எழுதிய ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. இருந்த இடத்தில் இருந்தார், அவ்வளவே.

நிரலிலிருந்து மறைந்தோர்

நிலம் போனபின் பெயரும் போயிற்று. 1911ஆம் ஆண்டின் குடிசன மதிப்பில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் வேடர் எனப் பதியப்பட்டனர். 1946இல் அத்தொகை 2,361 ஆகவும், 1963இல் ஏறத்தாழ 400 ஆகவும் குறைந்தது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பில் இனங்களின் பட்டியலில் அவர்களுக்கெனத் தனி நிரலே இல்லை.

இவர்கள் எல்லோரும் இறந்தொழிந்தனர் என்று கொள்வது தவறு. கலப்பு மணத்தாலும், பள்ளிக்கூடத்தாலும், ‘வேடர்’ என்று சொல்லிக்கொள்ளக் கூசியதாலும் ஒரு பகுதியினர் சிங்களவராயினர்; மற்றொரு பகுதியினர் தமிழராயினர். மனிதர் இருந்தனர்; பெயர் இல்லை. காட்டைக் குடியற்றது என்று எழுதிய எழுதுகோலே பின்னர் குடியையும் இல்லையென்று எழுதிற்று.

இவ்விடத்தில் நாம் நம்மையே நோக்க வேண்டியவர்களாகிறோம். எமேசன் ரெனன்ற் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மலை வேடர், கிராம வேடர், கரையோர வேடர் என மூவகையினரைக் குறிப்பிடுகிறார். அம்மூன்றாம் வகையினர் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் வாழ்ந்தவர்கள். இன்றும் வாகரை, வெருகல், ஈச்சிலம்பற்று முதலிய பகுதிகளில் வாழ்கிறவர்கள். அவர்கள் பேசுவது தமிழ். கடலில் மீன் பிடிக்கிறார்கள், காட்டில் தேனெடுக்கிறார்கள், மூதாதையருக்குச் சடங்கு செய்கிறார்கள். கப்பலேறி வந்த அந்நியரின் ஆவிகளைக் ‘கப்பற்பேய்’ எனப் பெயரிட்டு வழிபடும் சடங்கொன்றும் அவர்களிடையே இருந்தமையைச் செலிக்மன் பதிந்திருக்கிறார். இந்நாட்டின் கரைக்குக் கப்பலில் வந்தவை யாவை என்பதை அறிஞர்களுக்கு முன்பே அவர்கள் உணர்ந்திருந்தார்கள் போலும்!

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2006–2007இல் வாகரையில் மூண்ட போரும் இம்மக்களை இடம்பெயர்த்து அலைத்தன. அவர்களுடைய துயரம் ‘தமிழர் துயரம்’ என்னும் பொதுக் கணக்கிற் சேர்ந்தது. அதில் தவறில்லை. ஆனால், அவர்களுடைய தனிப் பெயரை நாம் எங்கே எழுதினோம்? நாகரிகமற்றவனை இகழ ‘காட்டான்’ என்றோர் ஏச்சை நம் மொழியில் வைத்துக்கொண்டு, ஒரு வேடச் சிறுவன் தன் குலப்பெயரை வகுப்பறையில் உரக்கச் சொல்வான் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? பிறர் நம் பெயரை மறைத்தால் நாம் கொதித்தெழுகிறோம். நம்மால் மறைக்கப்பட்ட பெயரையும் நாமே சொல்லியாக வேண்டும்.

எழுத்தினால் ஒரு மறுமொழி

காட்டில் வாழ்வோர் எனப் பொருள்படும் ‘வன்னியலெத்தோ’ என்பதே உள்நாட்டு வேடர் தமக்கு வழங்கும் பெயர். திஸாஹாமியின் மகனார் ஊருவறிகே வன்னில அத்தோ 1996ஆம் ஆண்டில் ஜெனீவாவுக்குச் சென்று, பூர்வீகக் குடிகள் தொடர்பான ஐக்கிய நாடுகளின் செயற்குழுவின் முன் தம் மக்களின் குறையை எடுத்துரைத்தார். அவருடைய பெயரின் முற்பகுதியிலேயே ஊரு வறிகை என்னும் பழைய குலப்பெயர் நிற்பதைக் காண்க. குடிசன மதிப்பு மறந்ததை அப்பெயர் மறக்கவில்லை.

2007ஆம் ஆண்டு செப்தெம்பர் 13ஆந் திகதி, பூர்வீகக் குடிகளின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றியது. இலங்கை அதற்கு ஆதரவாகவே வாக்களித்தது. அப்பிரகடனத்தின் 26ஆம் உறுப்புரை, பூர்வீகக் குடிகள் மரபாக வைத்திருந்த நிலங்களில் அவர்களுக்குள்ள உரிமையை ஒப்புக்கொள்கிறது. அவ்வுரிமையை அங்கீகரிக்குமிடத்து அவர்களுடைய வழக்கத்தையும் நிலவுடைமை முறையையும் மதிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. கல்லையும் பல்லையும் உறுதியாக ஏற்க வேண்டும் என்பதை உலகம் இப்படித்தான் தன் மொழியிற் சொல்லிற்று. ஆயினும், பிரகடனம் சட்டமன்று. 1840ஆம் ஆண்டில் எழுதப்பட்டதோ சட்டம்.

2020ஆம் ஆண்டிற் பொல்லேபெத்தை, றம்பக்கன் ஓயா அயலிற் சோளச் செய்கைக்காகக் காடழிக்கப்பட்டபோது, வன்னில அத்தோ சூழலியல் அமைப்பொன்றுடன் சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இலையை வைத்துச் சென்றவர்களின் வழித்தோன்றல், பட்டப்பகலில் நீதிமன்றத்தில் மனுவை வைத்தார். தம்மை வென்ற எழுத்தைத் தாமும் கைக்கொண்டு அவர்கள் பேசத் தொடங்கியமையை இது காட்டுகிறது.

சட்டத்தை மாற்றுதல் ஆசிரியரின் கையில் இல்லை. மாணவரின் கையிலும் இல்லை. ஆனால், அவர்கள் கையில் ஒன்று உண்டு. வேடரைப் பற்றி நமது வகுப்பறைகளிற் சொல்லப்படும் பாடம் பெரும்பாலும் விசயன் குவேனி கதையோடு தொடங்கி, ‘காடுகளில் வேடர் வாழ்ந்தனர்’ என்று இறந்தகால வினைமுற்றோடு முடிந்துவிடுகிறது. அவ்வினைமுற்றைத் திருத்த வர்த்தமானியும் வேண்டியதில்லை, நீதிமன்றமும் வேண்டியதில்லை. ‘வாழ்கின்றனர்’ என்று கரும்பலகையில் எழுதினாற் போதும். வாகரையில் ஏதோவொரு வகுப்பறையின் பின்வாங்கில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளை அதனை வாசித்து நிமிர்ந்து உட்காரக்கூடும்.